மூச்சக்காவின் இரண்டு நிமிடம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நர்ஸ்களுக்குள் ஒரு பேச்சு, அவ்வளவுதான். பதினாறு வருடமாக எக்ஸ்ரே அறையில் அவள் நாளொன்றுக்கு அறுபது எழுபது தடவை சொல்லிவந்த மூன்று வாக்கியங்களால் வந்த பெயர் அது. "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. ம்... விடுங்க." அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது குதிரைக்கொம்பு. "உள்ள ஏதாவது தெரியுதாம்மா?" என்று மேஜையில் படுத்திருப்பவர்கள் கெஞ்சாத குறையாகக் கேட்பார்கள். "டாக்டர் சொல்வாரு" என்பாள். அது நான்காவது வாக்கியம்.

திமிர் என்று சிலர் நினைத்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அந்த அறையின் அமைதி அவளுக்குள்ளும் இறங்கிவிட்டது. மங்கலான விளக்கு, இயந்திரத்தின் மெல்லிய முனகல், திரையில் பனிமூட்டத்துக்குள் நிற்கும் இலையுதிர்ந்த மரங்கள் மாதிரி விலா எலும்புகள். அதட்டிக்கொண்டே உள்ளே வருகிறவருக்கும் அழுதுகொண்டே வருகிறவருக்கும் உள்ளே ஒரே மாதிரிதான் இருந்தது. நாள் பூராவும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குப் பேச்சு என்பது தேவைக்கு அதிகமான ஒன்றாகத் தோன்றியிருக்கலாம்.

வீட்டில் அவளுக்கும் சேர்த்து அவள் கணவரே பேசினார். அவர் டவுன் பஸ் டிரைவர். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார் என்றால் பச்சை விழுவதற்குள் அவருடைய மூட்டுவலி வரைக்கும் விசாரித்து முடித்திருப்பார். வீட்டிலும் அப்படித்தான். அவள் கேட்க நினைப்பதை அவரே கேட்டு, அதற்குப் பதிலும் அவரே சொல்லி, ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார். அதிசயம் என்னவென்றால் அந்த முடிவு பெரும்பாலும் அவள் மனதில் இருந்ததாகவே இருக்கும். பதின்மூன்று வயது மகள் இந்த ஏற்பாட்டைப் பார்த்தே வளர்ந்தவள். "அம்மாவோட ரேடியோ" என்று அப்பாவுக்குப் பெயர் வைத்திருந்தாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று எக்ஸ்ரே டெக்னீஷியன்களைக் குடும்பத்தோடு எடுத்துக்கொள்கிறது என்ற அறிவிப்பை ஊழியர்கள் சாப்பிடும் அறையின் பலகையில் அவள்தான் முதலில் பார்த்தாள். டீ ஆறும் வரை அதைப் படித்தாள். அடுத்த நாளும் படித்தாள். மூன்று வாரம் கழித்து, விண்ணப்பத்தை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். "அங்க நான் பஸ் ஓட்டலாமா?" என்று கேட்டார்.

"ஓட்டலாமாம்."

"ரோட்டுல எந்தப் பக்கம் போறாங்கன்னு பாத்துக்கணும். சரி, போவோம்."

அவ்வளவுதான் அவர்கள் வீட்டில் நடந்த ஆலோசனை. போவதற்குக் குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று: இங்கிலீஷ் பரீட்சை. படிக்க வேண்டும், எழுத வேண்டும், ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுத வேண்டும், கடைசியாக ஓர் ஆளுக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டும்.

கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் அவள் சேர்ந்தாள். வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்ததும் நேரே அங்கே போவாள். டீச்சர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள்; பேனா மூடியைக் கடித்துக்கொண்டே மடமடவென்று பேசுகிற பெண். படிப்பதும் எழுதுவதும் மூச்சக்காவுக்குச் சிரமமாக இல்லை. கேட்பதோ, சொன்னால் நம்பமாட்டீர்கள், சொர்க்கமாக இருந்தது.

பயிற்சி ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு ஹெட்போனோடு ஆஸ்பத்திரிக்கு நடப்பாள். ஒவ்வொரு பதிவிலும் யாரோ எங்கேயோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீச்சல்குளம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். நூலகம் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் மாறிவிட்டது. ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் இரண்டாவது திருப்பத்தில் காபிக் கடை. அதற்கு எதிரே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். தனித்தனிப் பதிவுகள்தான். ஆனால் கேட்கக் கேட்க எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஊராகிவிட்டது. அந்த ஊரில் யாரும் அவசரப்படவில்லை. தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்கள். மூன்று மணி என்பார்கள், உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூன்றரை என்பார்கள். எதிரே இருப்பவர் கோபித்துக்கொள்ளாமல் அதையும் எழுதிக்கொள்வார். யாருக்கும் பெரிய நோய் இல்லை. ஒருவருக்கு லேசான முதுகுவலி, அதற்கும் யோகா வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது.

டயர் கடைகளையும் லாரிகளையும் தாண்டி மேம்பாலப் படிகளில் ஏறும்போது அவள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருப்பாள். சாலையைக் கடக்கும் இடத்தில் ஹாரன் சத்தம் கேட்டு ஏரி காணாமல் போகும். மறுபக்கம் போனதும் திரும்ப வந்துவிடும். ஒரு நாள் கனவிலேயே அந்த நூலகத்துக்குப் போய்விட்டாள். புத்தகம் எடுத்துக்கொண்டு மேஜை முன்னால் வந்து நின்றபோது அங்கே உட்கார்ந்திருந்த பெண் புன்னகையோடு உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள் என்றாள். அவளுக்கு ஓர் எழுத்துகூட வரவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தவும் இல்லை. பின்னால் நின்றவர்களும் காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மினுங்கியது. விழித்தபோது பயமாக இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றிருக்கலாமே என்றுதான் இருந்தது.

முதல் பரீட்சையில் பேச்சில் கவிழ்ந்தாள்.

எதிரே இருந்த மனிதர் உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். "எக்ஸ்ரே எடுப்பேன்" என்றாள். அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். உங்கள் வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்றார். "பிடிக்கும்" என்றாள். பிறகு ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அதில் இருக்கும் விஷயத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார். நண்பர் ஒருவரோடு சாப்பிட்ட ஒரு சாப்பாட்டைப் பற்றி. இருபத்திரண்டு விநாடியில் சாப்பிட்டு, கைகழுவி, எழுந்துவிட்டாள். மீதி நேரம் இருவரும் மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற மூன்றிலும் தேவைக்கு மேலேயே மதிப்பெண் வந்திருந்தது. டீச்சர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாம இல்ல. பேசத் தெரியல. தப்பு தப்பாப் பேசுங்க, பரவால்ல. ஆனா பேசுங்க. வீட்ல யாராவது உங்ககூட பேசுவாங்களா?"

"பேசுவாங்க."

"இங்கிலீஷ்ல?"

அவள் யோசித்தாள். "தமிழ்லயே அவருதான் பேசுவாரு."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ரேடியோவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவர் ஒன்பது வருடம் ஏர்போர்ட் பஸ் ஓட்டியவர். பெட்டியும் மூட்டையுமாக ஏறுகிற வெளிநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசியே வந்தது அவருடைய இங்கிலீஷ். இலக்கணம் என்ற பெயரில் அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் எதையும் சொல்லிவிடுவார். சொற்கள் தீர்ந்துபோனால் கை இருக்கிறது. டீச்சரிடமிருந்து ஒரு கட்டு அட்டைகளை வாங்கிவரச் செய்து, தான் மத்தியான ஷிப்டுக்குப் போகும் நாட்களில் காலையிலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலும் சமையலறையில் அவளை எதிரே உட்காரவைத்தார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டுதான் கேள்வி கேட்பார். பரீட்சை வைப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்களாம்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் இரண்டு வரி சொல்வாள். மூன்றாவது வரியை அவர் தானே சொல்லி, நான்காவதில் அவருக்கே ஏதோ ஞாபகம் வந்து, இரண்டு நிமிடமும் அவரே பேசி முடிப்பார்.

"அப்பா, பரீட்சை உங்களுக்கா அம்மாவுக்கா?" என்று உள்ளேயிருந்து மகள் கத்துவாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது அந்த அட்டை. மகள் பக்கத்து வீட்டில் இருந்தாள். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நிழல் சமையலறைத் தரையில் மெதுவாக அசைந்தது. அவர் அட்டையைத் தள்ளிவைத்துப் பார்த்து வாசித்தார். உங்களுக்காக ஒருவர் காத்திருந்த சமயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கே, எவ்வளவு நேரம், அப்போது என்ன உணர்ந்தீர்கள்.

ஒரு நிமிடம் கொடுத்தார். அவள் தரையில் அசையும் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். அவளிடம் இருந்தது குறைவான சொற்கள். ஆகவே ஒவ்வொன்றையும் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொடுப்பது போலச் சொன்னாள்.

"பதினோரு வருடத்துக்கு முன்பு என் கணவர் எனக்காகக் காத்திருந்தார். அது ஒரு வியாழக்கிழமை. நான் வேலையில் இருந்தேன். அடுத்தவரைக் கூப்பிடக் கதவைத் திறந்தேன். அவர் பெஞ்சின் கோடியில், பஸ் சீருடையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆச்சரியம். அவர் அப்படி வந்ததே இல்லை. என்னைச் சாப்பிடக் கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் சிரித்தேன். அவர் கையை ஆட்டினார்."

கைப்பேசியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் இருந்த பரீட்சைக்காரர் போய்விட்டார்.

"நான் பதினான்கு பேருக்கு எக்ஸ்ரே எடுத்தேன். பதினான்கு முறை கதவைத் திறந்தேன். பதினான்கு முறையும் அவர் கையை ஆட்டினார். இரண்டு மணி நேரம். அன்று காலையில் என் அம்மா இறந்துபோயிருந்தார். வேறு ஊரில். அது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பிறகு சொன்னார். அதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் போனோம். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை."

சரியான காலத்தில் சொல்கிறோமா என்று வினைச்சொல்லை மனதுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு வருடம் நான் கோபமாக இருந்தேன். பிறகு கோபம் போய்விட்டது. போய்விட்டது என்று சொல்ல மறந்துவிட்டேன். பிறகு ரொம்ப நாளாகிவிட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த இரண்டு மணி நேரம் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். என் வாழ்க்கையில் அது மிகவும் மகிழ்ச்சியான இரண்டு மணி நேரம்."

மணி அடித்தது. அவர் அதை நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

தமிழில் இதைக் கேட்டிருந்தால் அவர் உடனே எழுந்து போயிருப்பார். இல்லையென்றால் ஆயிரம் வார்த்தை பேசி அதை மூடியிருப்பார். இங்கிலீஷில் அவருக்கு அவ்வளவு வசதி இல்லை. எதிரே இருப்பவள் முன்பின் தெரியாத ஒரு பெண் மாதிரியும், தான் ஏதோ ஓர் ஊரில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆள் மாதிரியும் அவருக்கு ஒரு மயக்கம். தெரியாதவரிடம் சொல்வது சுலபம். அவரும் இங்கிலீஷிலேயே சொன்னார், கையை ஆட்டாமல்.

"சொல்லத்தான் வந்தேன். எழுந்து நின்றேன். நீ சிரித்தாய். அந்த மாதிரி நீ சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த ஆள் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு அதற்கடுத்த ஆள். ரயில் நேரம் எனக்குத் தெரியும். கடிகாரம் எனக்கு நேரே இருந்தது." கைப்பேசியைத் திருப்பி வைத்தார். "நான் நிறையப் பேசுகிறேன். ஏன் தெரியுமா? நான் நிறுத்தினால், அன்று ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அந்தப் பயம்."

அவள் தலையாட்டினாள். பிறகு தலையாட்டினால் மதிப்பெண் இல்லை என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தவள் போல, "எனக்குப் புரிகிறது" என்று முழு வாக்கியமாகச் சொன்னாள்.

மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது இருவரும் மேஜைக்கு இரு பக்கமும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கன்னம் நனைந்திருந்தது. அவள் திகைத்துப்போய் அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"என்னப்பா, கேள்வி அவ்வளவு கஷ்டமா?"

"ஆமாடா," என்றார் அவர் தமிழில். "சிலபஸ்லயே இல்லாத கேள்வி."

அன்றிலிருந்து அவர் குறைவாகப் பேசினார் என்றோ அவள் வாயாடி ஆகிவிட்டாள் என்றோ சொன்னால் அது பொய். ஆனால் சமையலறையில் அந்த அட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு வார்த்தை வந்தது. அட்டை எதைக் கேட்டாலும் அவள் தான் சொல்ல நினைத்ததையே சொன்னாள். பிடித்த விலங்கைப் பற்றிக் கேட்டால் சின்ன வயதில் கிணற்றில் விழுந்த நாயில் தொடங்கி, அதை எடுக்க இறங்கிய அப்பாவின் முதுகில் இருந்த தழும்புக்குப் போனாள். அவருக்கு அதெல்லாம் புதுச் செய்தி. பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். மாமனாருக்குத் தழும்பு இருப்பதே அவருக்குத் தெரியாது. சில நாள் டிப்போவுக்கு நேரமாகியும் எழுந்திருக்க மனமில்லாமல், "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். இங்கிலீஷில் அப்புறம் என்பதற்கு மட்டும் அவர் நான்கு விதமான சொல் வைத்திருந்தார்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது பரீட்சை. இந்த முறை எதிரே ஒரு பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். அட்டையில் இருந்தது உடை. நீங்கள் அடிக்கடி அணியும் ஓர் உடையைப் பற்றிச் சொல்லுங்கள்.

வீட்டுப் பீரோவில் இல்லாத, கடையிலும் வாங்க முடியாத ஓர் உடை அவளுக்கு இருந்தது. எக்ஸ்ரே கதிர் மேலே படாமல் இருக்க அவள் போட்டுக்கொள்ளும் ஈய அங்கி. ஐந்து கிலோ. அதைச் சொன்னாள். காலையில் போடும்போது யாரோ தோளில் இரண்டு கைகளையும் வைத்து உட்கார் என்று சொல்வது போல இருக்கும். பதினாறு வருடம் போட்டதில் தோள்பட்டை எலும்புகள் அதன் கனத்துக்குப் பழகிவிட்டன. இது அவளுடைய ஊகம்தான், தன்னைத் தானே அவள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில்லை. சாயங்காலம் கழற்றி ஆணியில் மாட்டியதும் ஒரு விஷயம் நடக்கும். உடம்பு லேசாகி, கால் தரையில் சரியாகப் பாவாது. அப்போது அறைக்கு வெளியே உள்ள நடைவழியில் நடப்பது, தண்ணீருக்குள் நடப்பது மாதிரி. எதிரே வருகிறவர்கள் மெதுவாக வருவார்கள். பேச்சுக் குரல்கள் தூரத்தில் கேட்கும். வெளி வாசல் வரைக்கும் பத்திருபது அடிதான். வெளிக்காற்று பட்டதும் கனம் திரும்பிவிடும். அந்தப் பத்திருபது அடிக்காகவே நாள் முழுவதும் அதைச் சுமக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்ல.

"மன்னிக்கணும்," என்றார் அந்தப் பெண்மணி. "நேரம் முடிந்துவிட்டது."

அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள். அதை முடிக்காமல் விட மனமில்லாமல் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெண்மணி பதிவுக் கருவியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "சரி, அதை மட்டும் முடித்துவிடுங்கள்" என்றார்.

முடிவு வந்தபோது பேச்சில்தான் அவளுக்கு அதிக மதிப்பெண். டீச்சர் பேனா மூடியைத் துப்பிவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். நர்ஸ்கள் வந்து வாழ்த்தினார்கள். "போய் அங்கயும் மூச்சைப் பிடிங்கன்னுதான சொல்லப் போறீங்க, மூச்சக்கா?" என்று ஒருத்தி வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூச்சக்கா சிரித்தாள். அந்தப் பெயர் ஏழெட்டு வருடமாகவே அவளுக்குத் தெரியும்.

காகிதங்கள் வந்துசேர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டைக் காலி செய்த நாளில், சாமான் போன அறைகளில் அவர்கள் பேசியது எல்லாம் இரண்டு தடவை கேட்டது. அவர் அதிலும் ஒரு வேடிக்கை கண்டுபிடித்து ஒவ்வொரு அறையாகப் போய் டிப்போ அறிவிப்புகளைச் சொல்லிப் பார்த்தார். மகள் வெட்கப்பட்டுக்கொண்டு மாடிப்படியில் போய் நின்றாள்.

விமானத்தில் மூவருக்கும் ஒரே வரிசையில் இடம். மகள் நடுவில் உட்கார்ந்து, கிளம்பிய கால் மணி நேரத்திலேயே அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஜன்னலுக்கு வெளியே மேகம். வெயில் அதன் மேல் விழுந்து, கீழே ஏதும் இல்லை, இனி எப்போதும் இருக்கப்போவதும் இல்லை என்பது போல வெளுத்துக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணிப்பெண் தள்ளுவண்டியோடு வந்து நின்று, மலர்ந்த முகத்தோடு அவர்களிடம் என்னவோ கேட்டாள். நீளமான கேள்வி. எந்த ஊர் உச்சரிப்போ, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவள் கணவரைப் பார்த்தாள். ஒன்பது வருடம் ஏர்போர்ட் பஸ் ஓட்டியவர் அவளைப் பார்த்தார்.

"என்ன கேக்குது?" என்றார் மெல்ல.

"நீங்க சொல்லுங்க."

"பரீட்சை பாஸ் பண்ணது நீ."

பணிப்பெண் பொறுமையாகத் திரும்பவும் கேட்டாள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆமாம், தயவுசெய்து கொடுங்கள் என்று அழகான முழு வாக்கியமாகச் சொன்னாள். இரண்டு டம்ளர் தக்காளிச் சாறு வந்தது. உப்பும் மிளகும் தூவியிருந்தது. இருவரும் வாழ்க்கையில் அப்படி ஒன்றைக் குடித்ததில்லை. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு அவளைப் பார்க்க, அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தூங்கும் மகளை எழுப்பிவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு, அவருடையதையும் வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.